ராட்சசனா, போர் தொழிலா?

மார்த்தாண்டத்தில் அத்தான் வீட்டில், மழை விடாமல் பெய்த ஓர் இரவில் ‘ராட்சசன்’ (2018) படத்தை மறுபடி பார்த்தோம். மறுநாள் ‘போர் தொழில்’ (2023). எது மேல் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

இயக்குநர் ராம்குமாரின் ‘ராட்சசன்’ அடிவயிற்றைப் பிசைகிறது. சினிமா எடுக்க அலைந்து, கடைசியில் காவல் உதவி ஆய்வாளராகும் அருண், கதைக்காகச் சேகரித்த கொலைச் செய்திகளையே துப்பாகப் பயன்படுத்துகிறான். பரிசுப் பெட்டிக்குள் சிதைந்த பொம்மை முகம் தெரியும்போது ஜிப்ரானின் இசை நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் பள்ளிச் சிறுமிகளை வைத்து இவ்வளவு பதற வைப்பது சில இடங்களில் எனக்குக் கொடுமையாகவே பட்டது. முடிவும் நீளம்.

விக்னேஷ் ராஜா இயக்கிய ‘போர் தொழில்’ நிதானமானது. களம் திருச்சி. சரத்குமாரின் லோகநாதன் அனுபவத்தை நம்புகிற போலீஸ் அதிகாரி. அசோக் செல்வனின் பிரகாஷ் புத்தகப் படிப்போடும் பயத்தோடும் வருகிறான். எரிச்சலில் தொடங்கும் அந்த உறவு மெல்ல மரியாதையாக மாறுவதுதான் படத்தின் உயிர். பயந்தவனும் நல்ல போலீஸ்காரனாகலாம் என்பதை இவ்வளவு கனிவாகச் சொன்ன தமிழ்ப் படத்தை நான் பார்த்ததில்லை.

களியக்காவிளை தாண்டினால் கேரளம். மலையாளத் துப்பறியும் படங்களைப் பார்த்தே வளர்ந்தவன் நான். விசாரணையின் பொறுமை எனக்குப் பிடிக்கும். ஆகவே என் ஓட்டு ‘போர் தொழில்’ படத்துக்கு.

அத்தான் ஒப்பவில்லை. “பயம் வராவிட்டால் அது என்ன திகில் படம்?” என்கிறார். பயம்தான் வேண்டுமென்றால் ‘ராட்சசன்’ பாருங்கள், பிள்ளைகள் தூங்கிய பிறகு.