அலமாரி மலையிலா, கீழேயா? படிக்கிறவர் கணக்கில் ஏற்காடும் சேலமும்

ஏற்காட்டில் வீடு பார்க்கிறேன் என்பவர்களிடம் காரணம் கேட்டால், பாதிப் பேர் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "நிம்மதியா உட்கார்ந்து படிக்கலாம் பாருங்க." வெளியே மூடுபனி, கையில் காப்பி, மடியில் தடிமனான நாவல். இந்த ஆசையில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த நாவல் அடுத்த வருடம் எந்த நிலையில் இருக்கும் என்று யாரும் யோசிப்பதில்லை.

வேலை காரணமாக நான் ஏற்காட்டில் வாடகை வீடு எடுத்துச் சில வருடங்கள் குடியிருந்தேன். இப்போது சேலத்தில் அஸ்தம்பட்டிப் பக்கம் வந்துவிட்டேன். வேலை இருக்கும் நாட்களில் பேருந்து பிடித்து ஏறி இறங்குகிறேன். படிப்பதும் படம் பார்ப்பதும் பிழைப்புக்கு அடுத்தபடியான தொழில் என்று வைத்திருக்கும் ஒருவருக்கு எது தோது என்பதுதான் இங்கே பேச்சு. என் ஓட்டு சேலத்துக்கு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை வேகமாகத் தாண்டிவிடலாம். சேலம் கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டர்கூட இல்லை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இடையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மேலே குளுகுளு, கீழே கொதிகொதி. கடை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று எதற்கும் சேலம்தான் வசதி. மே மாதக் கோடை விழா சமயத்தில் ஏற்காட்டின் அமைதியும் கார் ஹாரனில் போய்விடும். அவ்வளவுதான்.

படிக்கும் நேரம் என்று பார்த்தால் ஏற்காடு ஜெயிக்கிறது, அதை மறுக்க முடியாது. ஆறு மணிக்கு மேல் வெளியே போக வேலையில்லை. மழை பிடித்துக்கொண்டால் செல்போன் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். அது ஒரு வரம். வருடக்கணக்கில் தள்ளிப்போட்ட பெரிய ரஷ்ய நாவல்களையெல்லாம் மேலே இருந்தபோதுதான் முடித்தேன். சேலத்தில் சித்திரை, வைகாசி மதியங்களில் புத்தகத்தைப் பிடித்தால் விரல் வியர்வையில் பக்கம் நெளிந்துவிடும். மின்விசிறி அனல் காற்றைத்தான் சுற்றிவிடும். இந்த இரண்டு மாதமும் எனக்கு விடியற்காலைப் படிப்பு மட்டும்தான்.

ஒரு விஷயம்: பேருந்துப் பயணத்தில் படித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடாதீர்கள். கோரிமேடு தாண்டி அடிவாரம் வரை ஓடும். அதற்கு மேல், வளைவுகளில் எழுத்தைப் பார்த்தால் வயிறு புரட்டும். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு காதில் ஏதாவது கேட்பதே மேல்.

சினிமாவில் போட்டியே இல்லை. மேலே குடியிருந்தால் தியேட்டரில் படம் பார்க்க அரை நாள் விடுப்பு வேண்டும். மாலைக் காட்சிக்கு இறங்கினால் இடைவேளையிலிருந்தே திரும்பும் பேருந்து பற்றிய கவலை. கிளைமாக்ஸ் ஓடும்போது கை கடிகாரத்தைத் தேடும். சேலத்தில் இரண்டாம் ஆட்டம் முடிந்து நடந்தே வீட்டுக்கு வரலாம். முதல் ஆட்டம் என்றால் வழியில் ஒரு தட்டுவடை செட், பீட்ரூட்டும் கேரட்டும் துருவிப் போட்டு, நின்றபடியே இயக்குநரைக் கிழித்துத் தோரணம் கட்டலாம். நாவலைப் படமாக்கியிருந்தால் இந்தச் சண்டை இன்னும் அரை மணி நேரம் நீளும். புத்தகம் படித்தவரும் படிக்காதவரும் ஒரே வண்டிக்கடை முன்னால் நின்று சண்டை போடுவது ஊரில்தான் கிடைக்கும். மலையில் நாமே பேசி நாமே பதில் சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த மலைச்சாலை சினிமாவுக்குப் புதிதும் அல்ல. டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் இயங்கியது ஏற்காடு போகிற இதே சாலையில்தான். மலையாளத்தின் முதல் பேசும்படத்தை 1938-லும், தமிழின் முதல் வண்ணப்படத்தை 1956-லும் எடுத்த நிறுவனம். இன்று அந்த முகப்பு வளைவுதான் மிச்சம். பேருந்து அதைத் தாண்டும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது வேறு: இங்கே எடுத்த படங்களின் சுருள்களில் எத்தனை இன்று உயிரோடு இருக்கும்? படச்சுருளைக் கொல்வதும் இரண்டு விஷயங்கள்தான். வெக்கையும் ஈரமும். அசிடேட் சுருள் கெட ஆரம்பித்தால் டப்பாவைத் திறந்ததுமே வினிகர் நெடி மூக்கில் ஏறும். அதனால்தான் ஆவணக் காப்பகங்களில் குளிர்ச்சியும் உலர்ச்சியும் சேர்ந்திருக்கும்படி அறை அமைக்கிறார்கள். காகிதத்துக்கும் அதே விதிதான்.

இங்கேதான் நம் சிக்கல். ஏற்காடு குளிர் தரும், உலர்ச்சி தராது. சேலம் உலர்ச்சி தரும், குளிர் தராது. எந்தக் குறை குறைந்த சேதம்? என் முடிவு முழுக்க இந்த ஒரு கேள்வியைத்தான் நம்பியிருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சேலத்தில் வறண்டு கிடக்கிற அதே காற்று மலை ஏறும்போது ஏழெட்டு டிகிரி குளிர்கிறது. குளிர்ந்த காற்றுக்கு ஈரத்தைத் தாங்கும் சக்தி குறைவு. ஆக, காற்றில் இருக்கும் தண்ணீர் அதே அளவுதான் என்றாலும் ஈரப்பதம் எகிறிவிடும். கூடவே மழையும் மூடுபனியும். காகிதம் காற்றில் உள்ள ஈரத்தைத் தானாகவே இழுத்துக்கொள்ளும் பொருள். ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நாட்கணக்கில் நின்றால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். மழைக்காலத்தில் என் வாடகை வீட்டு அலமாரிக்குள் ஒரு சின்ன ஈரமானி வைத்திருந்தேன். ஆனியில் ஆரம்பித்துக் கார்த்திகை வரை அதன் முள் 80-ஐ விட்டு இறங்கிய நாள் அபூர்வம்.

அது எப்படி இருக்கும் என்று பார்த்தால்தான் புரியும். முதலில் முதுகுப் பக்கம், காலிகோ துணியில் திருநீறு தூவியது போல ஒரு படலம். துடைத்தால் போய்விடும். பத்து நாளில் திரும்ப வரும். அப்புறம் பக்கங்களின் ஓரத்தில் காப்பிக்கொட்டை நிறத்தில் புள்ளிகள். இவை துடைத்தால் போகாது. வழவழப்பான ஆர்ட் பேப்பர் என்றால் இன்னும் மோசம். அதன் மேல் பூச்சு ஈரத்தில் பசையாகி, பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொள்ளும். சினிமா பற்றிய ஒரு படத்தொகுப்புப் புத்தகத்தை மெதுவாகப் பிரித்தபோது, இடது பக்கத்து நடிகையின் பாதி முகம் வலது பக்கத்து வசனத்தோடு போனது. நகக்கண்ணால் தள்ளிப் பார்த்தேன். மிச்சப் பாதியும் உரிந்தது.

என் அம்மா வார இதழ்களிலிருந்து தொடர்கதைகளைக் கிழித்து, பைண்டு பண்ணி வைத்திருந்தார். நம்மில் பல வீடுகளில் இருந்த சொத்துதான் இது. அந்தக் காலத்து பைண்டர்கள் போட்டது மைதாப் பசை. ராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. அந்தப் பூச்சிக்கு ஈரமும் வேண்டும். மலையில் இரண்டும் கிடைத்ததால் முதுகை மட்டும் சுத்தமாகத் தின்றுவிட்டு, கதையை விட்டுவைத்தது. தாள் தாளாக நின்ற அந்தக் கட்டை நூல் போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன்.

பரிகாரங்கள் உண்டு, இல்லாமல் இல்லை. வீட்டுக்காரர் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர். "ஏனுங்க சார், அலமாரிக்குள்ள ஒரு குண்டு பல்பு எரிய விடுங்க, நாங்க துணிமணிக்கு அப்படித்தான் செய்வோம்" என்றார். நல்ல யோசனைதான். ஆனால் கடையில் போய்க் கேட்டால் எல்லோரும் எல்ஈடியைத்தான் நீட்டுகிறார்கள். அதில் வெளிச்சம்தான் வரும், ஈரத்தை விரட்டும் அளவுக்குச் சூடு வராது. பழைய இழை பல்பு தேடிப் பிடித்து மாட்டினாலும், மர அலமாரிக்குள் காகிதத்துக்கு நடுவே இரவெல்லாம் சூடாக ஒன்று எரிகிறது என்றால் எனக்குத் தூக்கம் வராது. சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் வேலை செய்யும். ஆனால் மலை ஈரத்துக்கு அவை சீக்கிரம் நிரம்பிவிடும், வாணலியில் வறுத்து வறுத்துத் திரும்ப வைக்க வேண்டும். பாச்சை உருண்டை பூச்சிக்குத்தான், ஈரத்தை அது தொடக்கூடத் தொடாது. ஈரம் உறிஞ்சும் மின்சார இயந்திரம் நான் வாங்கவில்லை. தெரிந்த வீடு ஒன்றில் ஓடுவதைப் பார்த்தேன். அறை காய்ந்துதான் இருந்தது. மின்தடையையும், தினமும் கொட்ட வேண்டிய தண்ணீரையும் சமாளிக்கிறவர்களுக்கு அது சரிப்படலாம்.

எப்படிப் பார்த்தாலும் இது பராமரிப்பு. படிக்கக் கிடைத்த நேரத்தில் ஒரு பங்கு, புத்தகத்தைத் துடைக்கவும் காயவைக்கவும் போய்விட்டது. ஞாயிறு காலையில் வெயில் தலைகாட்டினால் ஊர் ஏரிக்குப் படகு விடப் போகும். நான் திண்ணையில் புத்தகங்களை விசிறிபோலப் பிரித்து நிறுத்திக்கொண்டிருப்பேன். நேர் வெயிலும் ஆகாது, அட்டை வளைந்துவிடும். நிழலில் காற்றாட வைக்க வேண்டும். அதற்குள் மூடுபனி இறங்கிவிட்டால் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு உள்ளே ஓட்டம்.

சேலம் மட்டும் புத்தகத்துக்குத் தாய்வீடா என்றால், இல்லை. வெக்கையில் மட்டமான காகிதம் மஞ்சளாகி, மடக்கினால் உடையும். முதுகில் உருக்கிய பசை மட்டும் தடவி ஒட்டிய புத்தகங்கள் வெயிலில் பசை காய்ந்து, நடுவில் திறந்ததும் 'டப்' என்று இரண்டாகும். புழுதி சொல்லவே வேண்டாம். கரையானும் உண்டு, தரையோடும் சுவரோடும் ஒட்டி அலமாரி வைத்தால் கேட்டு வாங்கிக்கொண்டது போல. ஆனாலும் இதில் ஒன்றுகூட ஒரே பருவத்தில் நடப்பதல்ல. வெயில் புத்தகத்தைத் தவணையில் வசூலிக்கும்; ஈரம் மொத்தமாக ரொக்கத்தில் கேட்கும். சேலத்தில் அப்பா காலத்துப் புத்தகங்கள் பழுத்துப் போய், ஆனால் படிக்கும்படி நிற்கின்றன. அதே வயதுப் புத்தகங்களில் நான் மேலே கொண்டுபோனவற்றை இப்போது கையில் எடுத்தால் தும்மல்தான் வருகிறது.

சுவடிக் காலத்திலும் இந்தப் பாடுதான். ஏட்டைச் செல் அரிப்பதற்குள் யாராவது படியெடுக்க வேண்டும். 1880-ல் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார், உ.வே. சாமிநாதையரிடம் சீவக சிந்தாமணியைப் படித்திருக்கிறீர்களா என்று கேட்ட கேள்விதான், 1887-ல் அது அச்சேறக் காரணம். நம் ஊர்க்காரர் என்பதால் சந்தர்ப்பம் கிடைக்கும்போதெல்லாம் இதை இழுத்துவிடுவது என் பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விற்பது பற்றியும் ஒரு வார்த்தை. எல்லாப் புத்தகத்தையும் வைத்துக்கொள்ள யாருக்கும் இடமில்லை. குடிமாறி வந்தபோது இரண்டு மூட்டைகளைப் பழைய புத்தகக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் தலைப்பைப் பார்க்கவில்லை. நடுப்பக்கத்தைத் திறந்தார், மூக்கருகே கொண்டுபோனார், "மலைல இருந்து வருதுங்களா?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு அவர் சொன்னது எடைக்கு எடை விலைதான். சேலத்து வீட்டிலேயே கிடந்த புத்தகங்களுக்கு அட்டை விலையில் ஒரு பங்காவது தந்தார். பூஞ்சணம் பிடித்ததை நல்ல புத்தகங்களோடு அடுக்கினால் அவையும் கெடும், அவர் பயமும் நியாயம்தான். இரவல் கொடுப்பதிலும் அதே கதை. ஒருமுறை வாங்கி மோந்தவர்கள் மறுமுறை கேட்கவில்லை. எனக்கு இது இழப்பா லாபமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

மின்படிப்பான் வாங்கினால் இந்தப் பஞ்சாயத்தே இல்லையே என்பார்கள். உண்மைதான், மலையில் தங்கும் இரவுகளுக்கு நானும் அதைத்தான் எடுத்துப் போகிறேன். பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றி, 1998-லிருந்து இயங்கும் மதுரைத் திட்டத்தின் புண்ணியத்தில் பழைய இலக்கியம் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் நான் தேடுகிற தமிழ்ப் புத்தகங்களில் பாதிக்கு மேல் இன்னும் அச்சில் மட்டும்தான். அந்தக் கருவியே மலை ஈரத்தில் எத்தனை வருடம் தாங்கும் என்று சொல்லும் அளவுக்கு நான் பழகவும் இல்லை.

வேலையோ காதலோ, மேலேயே இருந்தாக வேண்டியவர்களுக்கு மட்டும்: வெளிச்சுவரை ஒட்டி அலமாரி போடாதீர்கள். கல் சுவர் மழையில் வியர்க்கும். நான்கு விரல்கடை இடைவெளி விட்டு, உள்சுவர் பக்கம் வையுங்கள். நெருக்கி அடுக்காதீர்கள். கண்ணாடிக் கதவு அழகாக இருக்கும், ஆனால் உள்ளே புகுந்த ஈரம் வெளியே போகாது. சமையலறைக்கு அடுத்த அறை கிடைத்தால் அதைப் பிடியுங்கள், அடுப்புச் சூடு கொஞ்சம் உதவும். ஆர்ட் பேப்பர் புத்தகங்கள், கையெழுத்திட்ட பிரதிகள், வீட்டு பைண்டு தொகுப்புகள் ஆகியவற்றைக் கீழே சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டு, ஒரு பையில் பத்துப் பதினைந்து மட்டும் கொண்டுபோங்கள். முடித்ததும் இறக்கிவிட்டு அடுத்த பையை ஏற்றுங்கள். நடத்துநர் முதல் தடவை லக்கேஜ் டிக்கெட் கேட்பார். பழகிவிட்டால் என்ன புத்தகம் என்று கேட்பார்.