மேசைப் பயிற்சியா, தரை விளையாட்டா?

மகனுக்கு ஆட்டிசம் என்று உறுதியானபோது அவனுக்கு இரண்டரை வயது. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்பதை நாங்கள் ஒரு வழியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. எதில் தொடங்குவது என்பதில்தான் குழப்பம்.

ஒரு பக்கம் ஏபிஏ என்கிற நடத்தைப் பயிற்சி, அதிலும் மேசையில் உட்காரவைத்துச் செய்யும் பழைய வகை. "சிவப்பைத் தொடு" என்பார் தெரபிஸ்ட். தொட்டால் உடனே பாராட்டோ பிடித்த பொருளோ கிடைக்கும். மறுபடி அதே, மறுபடி அதே. இன்னொரு பக்கம், குழந்தையோடு தரையில் உட்கார்ந்து, அது எதில் லயித்திருக்கிறதோ அதையே பிடித்துக்கொண்டு போகும் விளையாட்டு வழி. டென்வர் முறை இந்த வகை.

மேசைப் பயிற்சிக்குப் பேர் வாங்கித் தந்தது லோவாஸ் என்கிற உளவியலாளர் 1987இல் வெளியிட்ட ஆய்வு. வாரம் 40 மணி நேரம், இரண்டு வருடங்களுக்கும் மேல். 19 குழந்தைகளில் 9 பேர் வழக்கமான வகுப்பில் சேர்ந்து தேறினார்கள். இந்தக் கணக்கைச் சொல்கிறவர்கள், குழந்தைகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை என்பதையும், அதட்டலும் தொடையில் அடியும் அந்தப் பயிற்சியில் இருந்தன என்பதையும் பெரும்பாலும் சொல்வதில்லை. அடியெல்லாம் அந்தக் காலம், சரி. ஆனால் 40 மணி நேரம் என்பது பெரியவர்கள் பார்க்கிற முழுநேர வேலை!

சாலி ரோஜர்ஸும் ஜெரால்டின் டாசனும் உருவாக்கிய டென்வர் முறையைச் சோதித்த 2010 ஆய்வில், 18 முதல் 30 மாத வயதுள்ள 48 குழந்தைகளைக் குலுக்கிப் பிரித்தார்கள். டென்வர் குழுவுக்கு இரண்டு வருடங்களில் அறிவுத்திறன் மதிப்பெண் சராசரியாக 17.6 புள்ளி ஏறியது. ஊரில் வழக்கமாகக் கிடைக்கும் சிகிச்சைகளுக்குப் போன மற்ற குழுவுக்கு 7. தெரபிஸ்டுகள் வாரம் சுமார் 15 மணி நேரம் செய்தார்கள், பெற்றோரும் கிட்டத்தட்ட அதே அளவு. என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தப் பெற்றோர் கணக்குதான்.

ஏனென்றால் நாங்கள் முதலில் போனது மேசைக்கு. பெற்றோர் கதவுக்கு வெளியே காத்திருக்க வேண்டும். ஆறு மாதத்தில் தண்ணீர்ப் படத்தைக் காட்டினால் "தண்ணி" என்று சொன்னான். வீட்டில் தாகம் எடுத்தால் அழுதான். அந்தச் சொல் அந்த அறையிலேயே தங்கிவிட்டது.

தரையில் அவன் கார் சக்கரத்தைச் சுழற்றுவான். நானும் சுழற்றுவேன், சட்டென்று நிறுத்துவேன். மூன்றாவது வாரம் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான், மறுபடி செய் என்பதுபோல.

அதற்காக மேசையைத் தள்ளிவிடவும் மாட்டேன். பல் தேய்ப்பதை ஏழு சின்னப் படிகளாக உடைத்துக் கற்றுத்தந்தது அங்கேதான். எது வந்தது, எது வரவில்லை என்று தினமும் குறித்துவைப்பார்கள். தரை வழியில் அப்படி ஒரு கணக்கை வைக்க நான் திணறினேன். அப்புறம், அலுப்பு. வேலை முடிந்து வந்து தரையில் உட்காரவே தெம்பில்லாத நாட்கள் நிறைய.

இப்போது வாரம் மூன்று மணி நேரம் தெரபிஸ்ட், மீதி நாங்கள். புது இடத்தில் நான் கேட்டவை இரண்டே கேள்விகள்: நான் உள்ளே உட்காரலாமா? அவன் காதைப் பொத்திக்கொண்டு அழுதால் என்ன செய்வீர்கள்? இரண்டாவதற்கு "நிறுத்திவிடுவோம்" என்றார் ஒருவர். அவரிடம்தான் போகிறோம்.