ஃபாக் லைட் மாட்டினால், பணம் கொடுக்கும் முன் சீட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் பைக் ஓட்டுபவர்கள் கவனத்துக்கு. மழை தொடங்கியதும் ஆக்சஸரீஸ் கடைகளில் ஃபாக் லைட் வியாபாரம் சூடு பிடிக்கும். இங்கே அது ஆடம்பரமில்லை. நடுவட்டம் இறக்கத்தில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் ஹெட்லைட்டை மட்டும் நம்பி ஓட்ட முடியாது. அந்தத் தேவையை வைத்தே ஏமாற்றுகிறார்கள். மலைக்குள் உள்ள ஒரு கடையில் நடந்ததைக் கீழே எழுதியிருக்கிறேன். கடையின் பெயர் வேண்டாம், இதே வேலையை இதே மாதிரி செய்யும் கடைகள் வேறும் இருக்கின்றன.

வண்டி 350 சிசி, ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். பில்லில் இருந்தவை: 40 வாட்ஸ் எல்ஈடி லைட் ஒரு ஜோடி, ரிலே ஹார்னஸ் (ஸ்விட்சில் போகும் சிறு கரண்டைக் கொண்டு லைட்டின் பெரிய கரண்டை பேட்டரியிலிருந்து நேராகக் கொடுக்கும் டப்பாவும் அதன் வயர்களும்), வாட்டர்ப்ரூஃப் ஸ்விட்ச், ஃபிட்டிங் சார்ஜ். கடை வாசலில் பளிச்சென்று எரிந்தது. சில நாளிலேயே கொண்டை ஊசி வளைவில் ஹேண்டிலை இடது பக்கம் முழுக்க ஒடித்தால் ஒரு லைட் அணைய ஆரம்பித்தது. ஃபாக் லைட் போட்டால் ஹெட்லைட் மங்கியது. பிறகு ஒரு மழை நாளில் வளைவு நடுவே மெயின் ஃபியூஸ் போய், என்ஜின், லைட், இண்டிகேட்டர் எல்லாம் ஒன்றாக நின்றன. பின்னால் லாரி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

கடைக்குக் கொண்டுபோனதும் 'ஃபியூஸ் வீக்கா இருந்துச்சுண்ணா' என்று சொல்லி வேறு ஃபியூஸ் போட்டுக் கொடுத்தார்கள். கம்பெனி போட்டது 15 ஆம்பியர். இவர்கள் போட்டது 30. இந்த மொத்த விஷயத்தில் மன்னிக்கவே முடியாதது இதுதான். ஃபியூஸ் வயரைக் காப்பாற்ற இருப்பது. ஷார்ட் அப்படியே இருக்க ஃபியூஸை மட்டும் பெரிதாக்கினால், அடுத்த முறை ஃபியூஸ் போகாது, வயர் உருகும். அப்படியே நடந்தது. டேங்குக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு வயர் தோல் உருகி, பக்கத்தில் இருந்த கம்பெனி வயரிங்கிலும் ஒட்டிக்கொண்டது.

சீட்டையும் டேங்கையும் கழற்றிப் பார்த்ததில் தெரிந்தவை இவை. சீட்டுக்கு அடியில் ரிலே இருந்தது, ஜிப் டையில் அழகாகக் கட்டியிருந்தார்கள். ஆனால் அதன் நாலு காலிலும் ஒரு வயர் கிடையாது. பில்லுக்காக வைத்த டப்பா. லைட்டுக்கான கரண்டை ஹெட்லைட் கூட்டுக்குள் கீ வயரைச் சுரண்டி, முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றி எடுத்திருந்தார்கள். அதாவது லைட்டின் மொத்த கரண்டும் கீ ஸ்விட்ச் வழியாகவும் மெயின் ஃபியூஸ் வழியாகவும் போகிறது. லைட்டுக்கெனத் தனி ஃபியூஸ் இல்லை. அதனால்தான் லைட் வயர் ஷார்ட் ஆனபோது என்ஜினும் சேர்ந்து நின்றது.

வயரை பிளேடால் சுரண்டினால் மேலே சிவப்பு, உள்ளே வெள்ளை. செம்பு முலாம் பூசிய அலுமினியம் அது. இதற்கு நேர்மாறாக வெளியே வெள்ளையாக, உள்ளே சிவப்பாக இருந்தால் வெள்ளீயம் பூசிய நல்ல செம்பு, மழைக்கு அதுதான் சிறந்தது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அலுமினிய இழை நம் ஊர் ஈரத்தில் வெண்பொடியாகப் பூத்து உதிரும், அதிர்விலும் சீக்கிரம் ஒடியும்.

எர்த் வயரின் (பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வயர்) லக்கை, அதாவது முனை வளையத்தை, பெயின்ட் அடித்த பிராக்கெட்டின் மேலேயே முடுக்கியிருந்தார்கள், பெயின்ட் கரண்டைத் தடுக்கும். ஸ்டியரிங் கழுத்தில் வயரை இறுக்கி இழுத்துக் கட்டியதால், ஹேண்டில் திரும்பும்போதெல்லாம் ஃபிரேம் விளிம்பில் உரசித் தோல் கிழிந்திருந்தது. சமவெளியில் ஹேண்டிலை முழுக்க ஒடிப்பது பார்க்கிங்கில் மட்டும்தான். கல்லட்டி மலைப்பாதையில் மட்டுமே 36 கொண்டை ஊசி வளைவுகள். இங்கே அந்த இடம்தான் முதலில் போகும்.

லைட்டும் சொன்ன லைட் இல்லை. 40 வாட்ஸ் வீதம் இரண்டுக்கு 80 வாட்ஸ், 13 வோல்ட்டில் சுமார் 6 ஆம்பியர் இழுக்க வேண்டும். நேராக பேட்டரியில் கொடுத்து மீட்டரைத் தொடரில் வைத்துப் பார்த்தால் இரண்டும் சேர்ந்து 2.3 ஆம்பியர். 30 வாட்ஸுக்குக் காசு 80 வாட்ஸுக்கு.

உங்கள் வண்டியில் சந்தேகம் இருந்தால் நீங்களே பார்க்கலாம். என்ஜின் ஓட, லைட் எரிய, மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்துச் சிவப்பு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும், கறுப்பு முனையை லைட்டுக்குப் போகும் பிளஸ் வயரிலும் வையுங்கள். காட்டுவது வழியில் தொலைந்த வோல்ட். அடுத்து லைட்டின் கறுப்பு வயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே அதையே செய்யுங்கள். ஒவ்வொன்றும் 0.3-க்குள் இருந்தால் நல்லது. இந்த வண்டியில் எர்த் பக்கம் மட்டுமே 1.1 போனது. லைட் அணைந்திருக்கும்போது இந்தச் சோதனை செய்து பயனில்லை, கரண்ட் ஓடினால்தான் நஷ்டம் தெரியும்.

வயர் பாதி ஒடிந்த இடத்தைத் தேட மல்டிமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் அது 12 வோல்ட் காட்டும். பழைய 21 வாட்ஸ் பிரேக் பல்பில் இரண்டு வயர் சேர்த்து டெஸ்ட் லேம்பாக வைத்துக்கொண்டால், வயரில் தெம்பு இருக்கிறதா என்பது பல்பின் வெளிச்சத்திலேயே தெரிந்துவிடும். இதை லைட் வயரிங்கில் மட்டும் பயன்படுத்துங்கள், ஈசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), சென்சார் வயர்கள் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

சரியான இணைப்பு எப்படி இருக்கும்? பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ். மேலே சொன்ன 80 வாட்ஸ் உண்மையாகவே இருந்தால் 10 ஆம்பியர், இரண்டும் சேர்ந்தே 40 வாட்ஸ் என்றால் 5 போதும். அங்கிருந்து ரிலேயில் 30 என்று எண் போட்ட கால். ரிலேயின் 87-இலிருந்து லைட். 86-க்கு ஸ்விட்ச் வழியாக பைலட் லேம்ப் (முன்பக்கச் சிறு பல்ப்) வயர், 85 எர்த். ஐந்து கால் ரிலே என்றால் நடுவில் உள்ள 87ஏ-யில் லைட்டைக் கொடுத்துவிடக் கூடாது, ஸ்விட்சை அணைத்தால் லைட் எரியும், கீயை எடுத்தாலும் எரியும், 8 ஆம்பியர்-அவர் பேட்டரி காலைக்குள் படுத்துவிடும். லைட்டுக்குப் போகும் வயரும் எர்த்தும் 1.5 சதுர மி.மீ., ஸ்விட்ச் பக்கத்துக்கு 0.75 போதும். எர்த்தை நேராக பேட்டரி மைனஸுக்கே கொண்டுவருவது உத்தமம். ரிலேயின் கால்கள் கீழ்நோக்கி இருக்க வேண்டும், தண்ணீர் தேங்காது. ஜாயின்டுகள் கிரிம்ப் செய்து (உலோக முனையை அழுத்திப் பிடித்து), உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்) போட்டதாக இருக்கட்டும். வெறும் இன்சுலேஷன் டேப் இந்தக் குளிருக்கும் ஈரத்துக்கும் ஒரு சீசன்கூடத் தாங்காது.

கடையிலேயே, லைட் எரிந்தபடி, ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பச் சொல்லுங்கள். லைட் மீதும் ஸ்விட்ச் மீதும் ஒரு மக் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். கால் மணி நேரம் எரியவிட்டு ஃபியூஸ் ஹோல்டரையும் ஸ்விட்சையும் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, கை வைக்க முடியவில்லை என்றால் வண்டியை எடுக்காதீர்கள். மெயின் ஃபியூஸ் பெட்டியையும் திறந்து, மூடியில் போட்டிருக்கும் ஆம்பியரும் உள்ளே இருக்கும் ஃபியூஸும் ஒன்றுதானா என்று பார்த்துவிடுங்கள்.

இந்தக் கடை கடைசிவரை பணம் திருப்பித் தரவில்லை, 'மழைத் தண்ணி போயிருக்கும்' என்பதோடு முடித்துக்கொண்டது. உங்களுக்கும் இப்படி நேர்ந்திருந்தால் எதையும் கழற்றிப் போடுவதற்கு முன், வயர் இல்லாத ரிலேயையும் மாற்றிய ஃபியூஸையும் வண்டி நம்பர் தெரிய வீடியோ எடுங்கள். ரிலே ஹார்னஸ் என்று எழுதிய பில் கையில் இருக்க வேண்டும், துண்டுச் சீட்டில் மொத்தத் தொகை மட்டும் எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். நீங்கள் கடைக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது.