மேட்டூர் மீனுக்கு ஐஸா, ஃப்ரீசரா?

ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்குச் சனிக்கிழமையே மேட்டூரில் மீன் வாங்கிவிடுவோம். பெரும்பாலும் கட்லா, கிடைத்தால் கெளுத்தி. அங்கிருந்து சேலத்துக்குச் சுமார் 50 கிலோமீட்டர். வந்து சேர்ந்த மீனை அந்த ஒரு ராத்திரி எங்கே வைப்பது? எங்கள் வீட்டில் இப்போது ஐஸ்தான்.

எதில் வைத்தாலும் குடலையும் செவுளையும் முதலில் எடுத்துவிட வேண்டும். கெடுவது அங்கேதான் தொடங்கும். ஃப்ரிட்ஜின் சாதாரணத் தட்டு சாயங்காலமே சமைப்பதாக இருந்தால் போதும். ராத்திரி தாங்க வைக்க எனக்கு மனம் வராது.

ஃப்ரீசரில் சிக்கல் சதையில் வருகிறது. வீட்டு ஃப்ரீசர் மெதுவாகத்தான் உறைய வைக்கும். அதனால் சதைக்குள் இருக்கும் நீர் பெரிய பனித்துகள்களாகித் திசுவைக் கிழித்துவிடுகிறது. வெளியே எடுத்ததும் தட்டில் தண்ணீர் தேங்கும். துண்டு குழம்பில் உதிரும், வறுத்தால் சக்கையாக இருக்கும். உருகும் ஐஸோ 0 டிகிரியிலேயே நிற்கும். மீன் சதை உறைய அதற்கும் கீழே போக வேண்டும். ஆக, சில்லென்று இருக்கும், ஆனால் உறையாது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: தண்ணீர் வடிய வேண்டும். அகலமான பாத்திரத்துக்குள் வடிதட்டு, அதன்மேல் நொறுக்கிய ஐஸ், அதில் முழு மீன், மேலே மறுபடி ஐஸ். வயிற்றுக்குள்ளும் ஐஸை அடைத்து, வயிறு கீழே பார்க்கும்படி வைத்தால் ரத்தநீர் உள்ளே தங்காது. மூடி ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடலாம். உருகிய தண்ணீரிலேயே ஊறிக் கிடந்தால் சதை வெளுத்து ருசி போய்விடும். படுக்கப் போகுமுன் கீழே தேங்கியதைக் கொட்டிவிட்டு ஐஸ் சேர்ப்பேன். காலையில் விரலால் அழுத்தினால் குழி விழாமல் மேலே எழும்பும். உப்பு, மஞ்சள் எல்லாம் சமைக்கும் முன்புதான். ராத்திரியே உப்பு தடவினால் நீர் இறங்கிச் சதை இறுகிவிடும்.

ஐஸுக்கு வேலை அதிகம், ஒப்புக்கொள்கிறேன். முந்தின நாளே டப்பாக்களில் தண்ணீர் ஊற்றி உறைய வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த வாரத்துக்கு என்றால் ஃப்ரீசரைத் தவிர வழியில்லை. அப்போது காற்றுப் புகாமல் இறுக்கிச் சுற்றுங்கள். உறைந்த மீனை இளக விடுவதை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் செய்யுங்கள், சேலத்து வெயிலில் வெளியே வேண்டாம்.

கடல் மீனில் எனக்குப் பழக்கம் குறைவு. இங்கே வருவது ஏற்கெனவே ஐஸில் கிடந்து வந்தது என்பதால் இதே கணக்கை அதற்குப் போட மாட்டேன். அயிலை, சூரை வாங்கினால் அன்றைக்கே சமைத்துவிடுகிறேன். அவை சூடேறிக் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற, அலர்ஜி போன்ற தொல்லை தரும் பொருள் உண்டாகும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது.