மழைக்கால ரங்கூனில் எந்த மவுஸ்: உலோகத் தொடுமுனையா, ஒளிக்கதிரா?

பயின்னவுங் மொத்தச் சந்தையில் உளுந்தும் பயறும் வாங்கி ஏற்றுமதி செய்யும் ஒரு கடையில் கணக்கு எழுதுவது என் பகல் வேலை. மின்சாரம் இருக்கும் இரவுகளில் அக்காள் மகனோடு டோட்டா 2 என்ற கணினி விளையாட்டை ஆடுவது என் ராத்திரி வேலை. இரண்டுக்கும் ஒரே மவுஸைத்தான் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். போன ஆண்டு மழைக்காலத்தின் நடுவில், அதன் இடது பொத்தானை ஒருமுறை அழுத்தினால் இருமுறை அடிக்கத் தொடங்கியது. விளையாட்டில் இதைச் சமாளித்துவிடலாம். கணக்கில் முடியாது. எக்செல் தாளில் நாற்பது வரிகளைப் பிடித்து இழுத்துக்கொண்டே வரும்போது இருபத்தைந்தாவது வரியில் பிடி நழுவும். கீழே தெரியும் கூட்டுத்தொகை பாதி மூட்டைகளுக்கு மட்டும் உரியதாக இருக்கும். அப்படி ஒரு பாதிக் கணக்கை நான் எழுதிவைத்து, முதலாளி அதைக் கண்டுபிடித்த அன்றுதான் மவுஸ் விஷயத்தில் ஒரு முடிவுக்கு வரவேண்டியதாயிற்று.

இப்போது என் மேசையில் இரண்டு மவுஸ்கள் இருக்கின்றன. ஒன்று அதே பழையது. பொத்தானுக்கு அடியில் உலோகத் தகடு போய்த் தொடும் சாதாரண மைக்ரோ ஸ்விட்ச் கொண்டது, நானே அந்த ஸ்விட்சை மாற்றிப் பிழைக்கவைத்தது. மற்றொன்று, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட அதே வாரத்தில் ஆத்திரத்தோடு வாங்கியது. அகச்சிவப்பு ஒளிக்கதிரால் வேலை செய்யும் ஆப்டிகல் ஸ்விட்ச் கொண்டது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தி 14 மாதங்கள் ஆகின்றன. என் மனம் பழையதன் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தராசு முள் நடுவில் நிற்கும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

ஒரு பெயர்க் குழப்பத்தை மட்டும் தீர்த்துவிட்டு மேலே போகலாம். மேசை மேல் மவுஸ் நகர்வதைப் படிக்கும் சென்சாரும் ஒளியால்தான் வேலை செய்கிறது. உருளும் பந்து கொண்ட மவுஸ்கள் ஒழிந்தபின் கடையில் தொங்கும் ஏறக்குறைய எல்லா அட்டைகளிலும் ஆப்டிகல் என்ற சொல் இருக்கும். அனோரதா சாலைக்குப் பக்கத்தில் ஒரு கடையில் ஆப்டிகல் ஸ்விட்ச் உள்ளதாக வேண்டும் என்று கேட்டபோது, "எல்லாமே ஆப்டிகல்தானே அண்ணே" என்று அந்தத் தம்பி மூன்று மலிவு மவுஸ்களை எடுத்து வைத்தான். நான் பேசுவது பொத்தானுக்கு அடியில் இருக்கும் ஒளியைப் பற்றி. சென்சார், எடை, பிடி, கம்பி உண்டா இல்லையா என்பதிலெல்லாம் இந்த இரண்டு வகைகளுக்கும் இடையே சொல்லத்தக்க வேறுபாடு கிடையாது. கைக்கு அடக்கமாக இருப்பதை வாங்கினால் போதும்.

மைக்ரோ ஸ்விட்ச் ஏன் இருமுறை அடிக்கிறது என்பதுதான் இந்த ஒப்பீட்டின் உயிர்நாடி. அந்தச் சிறு பெட்டிக்குள் செப்புக் கலவையால் ஆன ஒரு மெல்லிய தகடு வளைந்து இழுவிசையோடு நிற்கிறது. பொத்தானை அழுத்தும்போது அது சட்டென்று துள்ளிக் கீழே உள்ள தொடுமுனையில் மோதுகிறது. நாம் கேட்கும் 'டிக்' ஒலி அதுதான். மோதிய உலோகம் ஒரே அடியில் அமைதியாகாது, சில முறை துள்ளும். அந்தத் துள்ளல் அடங்கும்வரை வரும் சைகைகளைக் கணக்கில் எடுக்காமல் சில மில்லி விநாடிகள் காத்திருக்கும்படி மவுஸுக்குள் நிரல் எழுதியிருக்கிறார்கள். தகடு விறைப்பை இழந்தாலோ, தொடுமுனையில் அழுக்குப் படலம் ஏறினாலோ, துள்ளல் அந்தக் காத்திருப்பையும் தாண்டி நீளும். மவுஸ் அதை இரண்டாவது அழுத்தமாக எண்ணிக்கொள்ளும்.

பூஜை அறையில் இருக்கும் வெள்ளிக் குங்குமச் சிமிழ் மழைக்காலத்தில் எப்படிக் கறுக்கிறது என்று பார்த்தவர்களுக்கு அடுத்ததை விளக்க வேண்டியதில்லை. சாதாரண மைக்ரோ ஸ்விட்சின் தொடுமுனை வெள்ளிக் கலவையால் ஆனது. ஈரக்காற்றில் அதன்மேல் படலம் வளர்கிறது. கூடுதல் மின்சாரம் பாயும் இடத்தில் அந்தப் படலம் தானே எரிந்து விலகிவிடும். மவுஸுக்குள் ஓடுவதோ ஒரு மில்லி ஆம்பியரைக்கூட எட்டாத மின்னோட்டம். படலத்தைத் துளைக்க அதற்குத் தெம்பில்லை. மே முதல் அக்டோபர் வரை கொட்டி, ஆண்டுக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் மழை பெறும் இந்த ஊரில், மின்சாரம் முறை வைத்து வருவதால் அறையின் ஈரத்தை உலர்த்த ஏசியும் ஓடாத நிலையில், பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் 2 கோடி, 5 கோடி அழுத்தங்கள் என்ற கணக்கை நான் அவ்வளவாக நம்புவதில்லை. அது பொத்தான் எத்தனை முறை அசையும் என்பதற்கான கணக்கு. ஈரத்தில் எத்தனை மாதம் கிடக்கும் என்பதற்கானது அன்று.

சரி, கெட்டுவிட்டது, என்ன செய்யலாம்? முதலில் மென்பொருளில் அந்தக் காத்திருப்பு நேரத்தைக் கூட்டிப் பார்த்தேன். 8 மில்லி விநாடியில் இருந்ததை 20 ஆக்கியதும் இரட்டை அடி நின்றது. ஆனால் மூன்று வாரத்தில் மறுபடியும் வந்தது. பிறகு ஸ்விட்சின் மூடியைப் பிளேடு முனையால் நெம்பித் திறந்து, தகட்டின் நாக்கைச் சற்றே வளைத்து, தொடுமுனையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த காகிதத்தால் துடைத்தேன். மூடியைத் திறக்கும்போது எள்ளளவே இருக்கும் அந்த வெள்ளைப் பொத்தான் தெறித்து ஓடி, கைவிளக்கை வைத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் தவழ்ந்த கதையை விட்டுவிடுகிறேன். அந்த வைத்தியம் நான்கு மாதம் தாங்கியது, ஈயம் உருக்காமல் செய்ததற்கு அது மோசமில்லை.

கடைசியில் ஸ்விட்சையே மாற்றினேன். இதில்தான் பழைய வகையின் பெருமை இருக்கிறது: எந்த நிறுவனத்தின் மவுஸாக இருந்தாலும் உள்ளே பெரும்பாலும் 12.8 மில்லிமீட்டர் நீளமும் மூன்று கால்களும் கொண்ட ஒரே அளவுப் பெட்டிதான் இருக்கிறது. கால்களுக்கு இடையே உள்ள தூரம் எங்கும் 5.08 மில்லிமீட்டர். ஆம்ரான், கெய்ல், ஹுவானோ என்று யார் செய்ததையும் யாருடைய மவுஸிலும் பொருத்தலாம். நான் தேர்ந்தெடுத்தது ஆம்ரான் டி2எஃப்-01எஃப். அதன் தொடுமுனை தங்கக் கலவை. மிகக் குறைந்த மின்னோட்டத்துக்கென்றே செய்யப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், அதன் தரவுத்தாளில் எந்திர ஆயுள் குறைந்தது 10 லட்சம் அழுத்தங்கள் என்றுதான் போட்டிருக்கிறது. 8 கோடி என்று மார்தட்டும் ஸ்விட்சுகளுக்கு முன்னால் அது ஏழையாகத் தெரியும். ஆனால் தங்கம் கறுக்காது. இந்த ஊருக்கு எனக்கு வேண்டியது அதுதான்.

வேலை நடந்த இரவை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைச் செய்ய நினைப்பவர்கள் தடுக்கி விழும் இடங்கள் அதில் இருக்கின்றன. மவுஸின் அடியில் ஒட்டியிருக்கும் வழுக்குப் பட்டைகளுக்குக் கீழேதான் திருகுகள் ஒளிந்திருக்கும். தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடுகாட்டி உரித்தால் பட்டை மடியாமல் வரும். கால்களைப் பலகையோடு ஒட்டவைக்க ஆலையில் இட்ட பற்றுலோகம் (சால்டர்), ஈயம் கலவாத வகை. அது உருக 217 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும், நாம் கடையில் வாங்கும், வெள்ளீயம் 63 பங்கும் ஈயம் 37 பங்கும் கலந்த 63/37 ஈயக் கம்பிக்கு 183 போதும். ஆகவே மூன்று கால்களிலும் முதலில் நம் ஈயத்தைக் கொஞ்சம் கலந்துவிட்டு, அப்புறம் உறிஞ்சு குழாயை வைக்க வேண்டும். நான் இரண்டு கால்களை உறிஞ்சி முடித்து மூன்றாவதைச் சூடாக்கிக்கொண்டிருந்தபோது தெரு முழுக்க இருண்டுபோனது. ஈயம் உறைந்துவிட்டது. இருட்டில் ஸ்விட்சைப் பிடித்து இழுத்திருந்தால் மின்சுற்றுப் பலகையில் உள்ள செப்பு வளையமும் கூடவே பெயர்ந்து வந்திருக்கும். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, மின்சாரம் வந்த பிறகு மறுபடி ஈயம் சேர்த்து எடுத்தேன். மொத்தச் செலவு, இரண்டு ஸ்விட்சுகளுக்கு, இரண்டு கிண்ணம் மொஹிங்காவின் (இங்குள்ள மீன்குழம்பு நூடுல்ஸ்) விலை. வலது பொத்தானுக்கும் புதியதையே போட்டேன். ஒருபக்கம் மட்டும் மாற்றினால் இரண்டு விரலுக்கும் இரண்டுவித அழுத்தம் தெரிந்து எரிச்சலூட்டும்.

இனி ஆப்டிகல் ஸ்விட்ச். அதற்குரிய பெருமையை மறைக்கப்போவதில்லை. பொத்தான் அழுந்தும்போது உள்ளே ஒரு சிறு தடுப்பு நகர்ந்து அகச்சிவப்பு விளக்கின் கதிரை விடுவிக்கிறது அல்லது மறைக்கிறது, எதிரில் இருக்கும் ஒளியுணரி அதைப் பார்க்கிறது. உலோகம் உலோகத்தைத் தொட்டு மின்சாரம் கடத்த வேண்டியதில்லை என்பதால் துள்ளல் என்ற பேச்சுக்கே இடமில்லை. காத்திருப்பு நேரமும் வேண்டாம். 2019இல் வந்த ரேசர் வைப்பர் மவுஸில் இவ்வகை ஸ்விட்சுக்கு 7 கோடி அழுத்தங்கள் என்றும் 0.2 மில்லி விநாடியில் சைகை போகும் என்றும் அந்நிறுவனம் அறிவித்தது. அந்த வேக வேறுபாட்டை என் விரல் உணரவில்லை. அக்காள் மகன் உணர்ந்ததாகச் சொல்கிறான். அவனுக்கு வயது பதினேழு, நான் வாதாடவில்லை. கணக்கு வேலையில் மட்டும் எனக்கு அது நிச்சயமாக நிம்மதி தந்தது: 14 மாதங்களில் ஒருமுறைகூட இழுத்த வரி நடுவில் நழுவவில்லை.

அப்படியானால் ஏன் பழையதன் பக்கம்? பராமரிப்பு. கெட்டுப்போகும் வாய்ப்பு எதில் குறைவு என்று கேட்டால் ஆப்டிகல் என்று சொல்வேன். கெட்டுப்போன மறுநாள் என்ன ஆகும் என்று கேட்டால்தான் பதில் மாறுகிறது. எங்கள் கடையில் சரக்கு எடை பார்க்கும் நண்பரும் வேறொரு மாதிரியில் ஆப்டிகல் ஸ்விட்ச் மவுஸ் வைத்திருந்தார். ஒருநாள் இடது பொத்தான் அடியோடு பேசாமல் போனது. திறந்து பார்த்தேன். ஸ்விட்சின் கால்களும் அவற்றின் வரிசையும் நான் அறிந்த எதோடும் ஒத்துப்போகவில்லை. ஆப்டிகல் ஸ்விட்சுக்கு எல்லாரும் ஏற்றுக்கொண்ட ஒரே அளவு என்று ஒன்று கிடையாது, அந்தந்த நிறுவனம் தனக்கென்று ஒன்றை வைத்திருக்கிறது. பழுது விளக்கிலா, ஒளியுணரியிலா, பலகையிலா என்பதை மின்சாரம் அளக்கும் என் மல்ட்டிமீட்டரால் கண்டுபிடிக்க முடியவில்லை. அது என் திறமைக் குறைவாகவும் இருக்கலாம். இரண்டு மாதம் தேடியும் உதிரி கிடைக்கவில்லை. அதே மாதிரியில் வேறு காரணத்தால் செத்த மவுஸ் ஒன்று கிடைத்தால் அதிலிருந்து பிடுங்கிப் போடலாம் என்று காத்திருக்கிறோம். இங்கே இந்தச் சரக்கெல்லாம் பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது, பாதை திறந்திருக்கும்போது வருகிறது. மூன்று கால் மைக்ரோ ஸ்விட்ச் மட்டும் எந்தப் பழுதுபார்க்கும் கடையின் தகர டப்பாவிலும் எப்போதும் பத்து கிடக்கும். வேறொன்றும் கிடைக்காவிட்டால் பழைய மலிவு மவுஸின் வலது பொத்தானிலிருந்துகூட எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. ஆசுஸ் நிறுவனத்தின் ஆர்ஓஜி வரிசையில் சில மவுஸ்களில் ஸ்விட்சை ஈயம் வைக்காமல் பொருத்தும் குழிகள் உள்ளன. அவற்றில் புதிய சில மாதிரிகள் மூன்று கால் உலோக ஸ்விட்சையும் ஐந்து கால் ஆம்ரான் ஆப்டிகல் ஸ்விட்சையும் ஏற்கும். காகிதத்தில் பார்த்தால் என் வாதங்கள் எல்லாவற்றுக்கும் அது விடை. ஒருவருடைய மவுஸைக் கழற்றி மாட்டிப் பார்த்திருக்கிறேன், அவ்வளவே என் அனுபவம்; அந்தக் குழியின் தகடுகளும் ஒரு தொடுமுனைதானே, நான்கு மழைக்காலம் கழித்து அவை எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் துணியமாட்டேன். விலையும் என் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது.

பழசாக விற்கும்போது எது நல்ல விலை போகும் என்று சிலர் கேட்பார்கள். வாங்குபவர் பொத்தானைப் பத்து முறை தட்டிப் பார்ப்பார், அவ்வளவுதான். உள்ளே இருப்பது தங்கமா ஒளியா என்று யாரும் கேட்டதில்லை.

என் சாய்வுக்கு ஒரு எல்லை உண்டு. சால்டரிங் அயர்னைக் கையில் எடுக்க விருப்பமில்லாதவர், பழுதுக்காரரிடம் அலைய நேரமில்லாதவர், பொத்தான் ஒரு நாள் பிசகினாலும் சம்பளத்தில் கைவைக்கப்படும் வேலையில் இருப்பவர் ஆகியோர் ஆப்டிகலையே வாங்கலாம். முடிந்தால் பின்னாளில் உதிரிக்காக அதே மாதிரியில் பழையது ஒன்று எங்காவது விலைக்கு வந்தால் விடாமல் எடுத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு காற்றுப்புகாத டப்பாவில் போட்டுவைக்கட்டும். என் புதிய மவுஸுக்கு அப்படி ஒரு இணையை நானும் தேடிக்கொண்டிருக்கிறேன், இதுவரை அகப்படவில்லை. தங்கத் தொடுமுனை ஸ்விட்சுகளோ இன்னும் ஆறு, மேசை இழுப்பறையில் அஞ்சனச் சிமிழ் ஒன்றில் கிடக்கின்றன.