ஏழாம் நாள் பெட்டி யாருக்கு?

கோத்தகிரியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். போன வருஷம் வடகிழக்குப் பருவமழையில் மரம் விழுந்து இரண்டு நாள் கரண்ட் இல்லை. பேட்டரி தீர்ந்ததும் டவரும் படுத்துவிட்டது. மூன்றாம் நாள் கடை திறந்ததும் முதல் ஆளாக வந்தவன், டீ ஃபேக்டரியில் நைட் ஷிப்ட் பார்க்கும் ஒரு பையன். "அண்ணே, ஆறு நாள் விடாம ஆடி வச்சிருந்தேன். இப்பத் திறந்தா முதல் நாள்னு காட்டுது. போன்ல ஏதாச்சும் அழிஞ்சுபோச்சா?"

போனில் எதுவும் அழியவில்லை. தினமும் திறந்தால் நாளுக்கு நாள் பரிசு ஏறும்; ஒரு நாள் வராவிட்டால் கணக்கை ஒன்றிலிருந்து தொடங்கும்படி அந்த கேமை எழுதியிருக்கிறார்கள். அன்றிலிருந்து கேம்கள் பரிசு கொடுக்கும் முறைகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து வருகிறேன். பணம் கட்டி ஆடும் ரம்மி வகையறா பற்றி இங்கே பேச்சில்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போதும், ஷிப்ட் முடிந்து தூக்கம் வரும்வரையிலும் அரை மணி ஆடுகிறவர்களுக்கு எது நியாயம் என்பதுதான் என் கேள்வி.

தொடர் நாளா, மொத்த நாளா

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் நானாக வைத்துக்கொண்டவை. பல கேம்களில் பரிசு ஏறும் விதம் இதுதான். முதல் இரண்டு நாள் 10 நாணயம், அடுத்த இரண்டு நாள் 20, அப்புறம் இரண்டு நாள் 30, ஏழாம் நாள் பெட்டியில் 100. வாரத்துக்கு 220. தினமும் வருகிறவருக்கு 28 நாளில் 880.

நம் பையன் இனி வாரம் நாலு நாள்தான் வருகிறான் என்று வைப்போம்: சனி, ஞாயிறு, திங்கள் ஆடுகிறான்; செவ்வாய் விட்டுப் புதன் ஆடுகிறான். 28 நாளில் 16 நாள். தொடர் நாள் முறையில் ஒரு வாரத்துக்கு அவனுக்கு 10, 10, 20, மறுபடி 10. ஆக 50; நாலு வாரத்துக்கு 200. விட்ட இடத்திலிருந்து எண்ணும் மொத்த நாள் முறையில் அதே 16 நாளுக்கு 460. தினமும் வருகிறவரோடு ஒப்பிட்டால் இவன் வந்தது 57 சதவீத நாட்கள். அதற்கு ஒரு முறை 23 சதவீதப் பரிசு தருகிறது, மற்றது 52 சதவீதம் தருகிறது. தொடர் முறையில் அவன் ஏழாம் நாள் பெட்டியைக் கண்ணால்கூடப் பார்க்க மாட்டான்.

போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி.யை நினைத்துப் பாருங்கள். ஒரு மாதம் கட்டத் தவறினால் 100 ரூபாய்க்கு 1 ரூபாய் சேர்த்துக் கட்டிவிட்டுத் தொடரலாம். நாலு தவணை தவறினால்தான் கணக்கு நிற்கும். அதையும் இரண்டு மாதத்துக்குள் மீட்கலாம். பணம் வாங்கிப் போடும் அரசு அலுவலகத்துக்கே இந்தப் பொறுமை இருக்கிறது.

இரண்டுக்கும் நடுவே ஒரு மூன்றாம் வழியும் உண்டு. அறுந்த தொடரை, கேமுக்குள் காசுபோல் செலவாகும் வைரம் கொடுத்தோ விளம்பரம் பார்த்தோ ஒட்டிக்கொள்வது. இருப்பதிலேயே எனக்குப் பிடிக்காதது இதுதான். நம்மிடமிருந்து எடுத்ததையே நமக்கு விற்கிறார்கள். அதைவிட, ஒரு நாள் தவறினால் ஒரு படி மட்டும் இறக்குவது எவ்வளவோ மேல்.

தினசரி வருகைக்குப் பரிசு கொடுப்பதையும், கேமில் அளவில்லாமல் செலவழிக்க விடுவதையும் தடை செய்யச் சீன அரசு 2023 டிசம்பரில் ஒரு வரைவு விதி வெளியிட்டது. கேம் நிறுவனங்களின் பங்குகள் சரிந்தன. அடுத்த மாதமே அந்த வரைவு இணையதளத்திலிருந்து காணாமல் போனது. இந்தப் பழக்கங்களில் அவர்களுக்கு எவ்வளவு வருமானம் இருக்கிறது என்று அதிலேயே தெரிகிறது.

இன்னொரு சின்ன விஷயம். பல கேம்களில் உலகப் பொது நேரப்படி நள்ளிரவில் நாள் மாறும். நமக்கு அது காலை 5.30. நைட் ஷிப்ட்காரருக்கு ஒரே ஷிப்டுக்குள் இரண்டு நாள் வந்துவிடும். நாள் மாறும் நேரத்தை ஆடுகிறவரே தேர்ந்தெடுக்க விடலாம்.

எனர்ஜி: வேகமா, கொள்ளளவா

ஆட ஆடச் செலவாகி, நேரம் போகப் போகத் தானாக ஊறுவதுதான் எனர்ஜி; சில கேம்களில் அதை உயிர் என்பார்கள். அது மெல்ல ஊறுகிறது, அதனால் ஆட முடியவில்லை என்றுதான் எல்லோரும் குறை சொல்கிறார்கள். எப்போதாவது ஆடுகிறவருக்கு ஊறும் வேகத்தைவிடத் தொட்டியின் கொள்ளளவுதான் முக்கியம். கேண்டி க்ரஷ்ஷில் 5 உயிர். 30 நிமிடத்துக்கு ஒன்று ஊறும். இரண்டரை மணி நேரத்தில் தொட்டி நிறைந்துவிடும். இரண்டு நாள் கழித்து வந்தாலும் அதே 5 தான்.

கென்ஷின் இம்பாக்ட்டில் நடந்த மாற்றம் இதை நன்றாகக் காட்டும். அங்கே எனர்ஜிக்கு ரெசின் என்று பேர். 8 நிமிடத்துக்கு 1 வீதம் நாளைக்கு 180 ஊறும். கொள்ளளவு பல வருஷம் 160 ஆக இருந்தது. அதாவது, தினமும் ஒரே நேரத்தில் தவறாமல் வருகிறவருக்கே நாளைக்கு 20 வழிந்து வீணாகும். 2024 ஜூனில் அதை 200 ஆக்கினார்கள். இப்போது தினம் ஒருமுறை வந்தால் போதும், எதுவும் வீணாகாது. ஊறும் வேகத்தைத் தொடவே இல்லை, தொட்டியை மட்டும் பெரிசாக்கினார்கள். ஆனால் வாரம் நாலு நாள் வருகிறவனுக்கு 200-ம் பற்றாது. மூன்று நாள் ஊற்று தங்குகிற அளவாவது வேண்டும் என்பேன்.

தண்டிப்பதா, காத்திருந்ததற்குக் கொடுப்பதா

எனக்கு மிகவும் பிடித்த வழி ஒரு பழைய கம்ப்யூட்டர் கேமிலிருந்து வருகிறது. 2004-இல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், சோதனைக் காலத்தில் நெடுநேரம் ஆடுகிறவருக்கு, ஆட்டத்தில் நிலை உயர உதவும் அனுபவப் புள்ளியைப் பாதியாகக் குறைத்தது. ஆடியவர்களுக்குக் கோபம் வந்தது. தயாரித்தவர்கள் கணக்கை அப்படியே வைத்துக்கொண்டு பேரை மாற்றினார்கள். பாதியை வழக்கமான அளவு என்றார்கள்; முழுசை, ஓய்வெடுத்து வந்தவருக்கான இரட்டைப் புள்ளி என்றார்கள். அதன்பின் குறை சொல்ல ஆளில்லை.

வராத நாளில் இரட்டிப்பு ஓர் அளவு வரை சேரும், வந்ததும் செலவாகும். தினமும் வருகிறவர் அப்போதும் முன்னால்தான் இருப்பார், அவர் உழைப்புக்கு அது சரிதான். இடைவெளி மட்டும் எட்டாத உயரத்துக்குப் போகாது. 'இழக்கப் பயமில்லை என்றால் யார் திரும்பி வருவார்கள்' என்று கேட்பவர்களுக்கு இதில் பதில் இருக்கிறது. இங்கே ஏதோ நமக்காகச் சேர்ந்து கிடக்கிறது, அதனால் வருகிறோம்.

பாஸும் பெட்டியும்

ஆட ஆடப் பரிசுகளைத் திறந்துவிடும் சீசன் பாஸைக் காசு கொடுத்து வாங்கினாலும், நாள் முடிந்தால் அது செத்துவிடும். நள்ளிரவில் மிச்ச டேட்டா காலியாகும் ரீசார்ஜ் பேக் மாதிரிதான். அதே காசைக் கொடுத்தவர்களில் நேரம் குறைந்தவருக்குப் பொருளும் குறைவு. ஹேலோ இன்ஃபினிட் 2021-இல், வாங்கிய பாஸ் காலாவதியாகாது என்று வைத்தது. ஹெல்டைவர்ஸ் 2 விளையாட்டிலும் அப்படியே. இரண்டும் மொபைல் கேம் இல்லை. ஆனாலும் மொபைலில் செய்ய முடியாதது எதுவும் இதில் இல்லை.

உள்ளே என்ன வரும் என்று தெரியாமல் திறக்கும் அதிர்ஷ்டப் பெட்டி பற்றிச் சுருக்கமாக. காசுக்கு விற்கும் பெட்டிகளை பெல்ஜியம் 2018-லேயே சட்டவிரோதம் என்றது. எனக்கும் அவை வேண்டாம். இருந்தே தீரும் என்றால் கென்ஷின் போல 90 முறை திறப்பதற்குள் மிக உயர்ந்த ஐந்து நட்சத்திரப் பரிசு உறுதி, அந்த எண்ணிக்கை அதே வகையின் அடுத்த சுற்றுக்கும் போகும் என்றாவது இருக்கட்டும். ஆறு மாதம் கழித்து வந்தாலும் எண்ணிக்கை நமக்காக நிற்கும்.

கடையில் புது கேம் ஏற்றித் தரச் சொல்லுகிறவர்களிடம் இப்போது ஒன்று சொல்லி அனுப்புகிறேன். முதல் வாரத்திலேயே வேண்டுமென்று இரண்டு நாள் திறக்காமல் விடுங்கள், மூன்றாம் நாள் என்ன மிச்சமிருக்கிறது என்று பார்த்துவிட்டு, வைப்பதா அழிப்பதா என்று முடிவு செய்யுங்கள். ஃபேக்டரிப் பையன் அப்படித்தான் மூன்று கேமை அழித்துவிட்டு நாலாவதில் நின்றிருக்கிறான்.