மாதவிடாய் நின்றபின் தமனிகளுக்கு எது உகந்தது: விறுவிறு நடையா, தீவிர இடைவெளிப் பயிற்சியா?

விறுவிறு நடை, வேகமும் மெதுவும் மாறிமாறி வரும் தீவிர இடைவெளிப் பயிற்சி ஆகிய இரண்டையும் ஒப்பிடும்முன், தமனியின் நலத்தை எதைக் கொண்டு அளக்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். ஒன்று, விரியும் திறன்: கையில் பட்டையை இறுக்கி 5 நிமிடம் இரத்த ஓட்டத்தை நிறுத்திவிட்டுத் தளர்த்தும்போது, பாய்ந்துவரும் இரத்தத்துக்கு ஏற்ப மேற்கைத் தமனி எவ்வளவு விரிகிறது என்று அல்ட்ராசவுண்டில் பார்ப்பார்கள். குழாயின் உட்படலம் சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடுதான் முக்கியமாக இந்த விரிவை நிகழ்த்துகிறது. மற்றொன்று மீள்தன்மை: ஒவ்வொரு துடிப்புக்கும் பெரிய தமனி இளகிக் கொடுக்கிறதா, விறைத்து நிற்கிறதா என்பது.

விறுவிறு நடை போன்ற, இதயத்துடிப்பையும் மூச்சையும் கூட்டும் ஏரோபிக் பயிற்சியால் மூத்த ஆண்களிடம் விரியும் திறன் பெரும்பாலும் கூடுகிறது. ஆனால் மாதவிடாய் நின்று, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்துவிட்ட பெண்களிடம் அதே பயிற்சி அந்த அளவுக்குப் பலன் தருவதில்லை. சில ஆய்வுகளில் மாற்றமே தெரியவில்லை. இதைப் படித்துவிட்டு, நடந்து என்ன பயன் என்று யாரும் சோர்ந்துவிடக் கூடாது என்பதே என் கவலை. ஏனெனில் மீள்தன்மையின் கதை வேறு. அதுவரை உடற்பயிற்சியே செய்யாதிருந்த பெண்கள் சுமார் 3 மாதங்கள் நடந்தபின், ஹார்மோன் எடுத்துக்கொண்டாலும் இல்லாவிட்டாலும், அவர்களது கழுத்துத் தமனி முன்பைவிட இளகியிருந்தது.

தீவிர இடைவெளிப் பயிற்சியில் பரவலான முறை, உச்ச இதயத்துடிப்பின் 85 முதல் 95 விழுக்காட்டில் 4 நிமிடங்கள், பிறகு 3 நிமிடங்கள் மெதுவான நடை, இப்படி நான்கு சுற்றுகள். மூச்சுத்திறனை உயர்த்துவதில் இது நடையை விஞ்சக்கூடியது. ஆயினும் கட்டுக்குள் வராத இரத்த அழுத்தமோ முட்டித் தேய்மானமோ உள்ள 65 வயதுப் பெண்ணுக்கு இதை முதல் தேர்வாக நான் சொல்லமாட்டேன். சில மாதங்கள் நடந்து பழகியவர், மருத்துவரிடம் கேட்டுவிட்டு, ஏற்றமான பாதையில் இதைத் தொடங்கலாம்.

முட்டி வலிப்பவர்களுக்கு நீச்சல் நல்ல மாற்று, ஆனால் எலும்புக்கு வேண்டிய சுமை அதில் கிடைப்பதில்லை. எடை தூக்கும் பயிற்சி எலும்புக்கும் தசைக்கும் அவசியம் என்றாலும், மூச்சை அடக்கித் தூக்கினால் அழுத்தம் சட்டென எகிறும். தமனிக்காக என்றால் அது நடையோடு சேரவேண்டியதே தவிர நடைக்கு மாற்றாகாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலும் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான ஏரோபிக் பயிற்சியோடு, 2 நாளாவது தசைப் பயிற்சியைக் கேட்கிறது.

நடையின் வேகத்தை அறியக் கருவி எதுவும் வேண்டாம்: பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்கள் நாடித்துடிப்பை எண்ணுவதைவிட இந்தச் சோதனையையே நம்பலாம், ஏனெனில் அந்த மாத்திரை துடிப்பை அடக்கிவைத்திருக்கும்.